பொட்டில்லாத கண்ணாடி

‘புதுவிடியல்’ இல்லத்தின் குளியலறைக் கண்ணாடியில் வேல்விழியின் முகத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவள் அதை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். பிறகு அதன் ஓரச் சட்டத்தை விரலால் தடவினாள். அடுத்து பக்கத்துச் சுவரின் வெள்ளை டைல்ஸ், கதவின் உட்புறம், குழாய்க்கு மேலே இருந்த சோப்புப் பலகை. மூன்று குளியலறைகளிலும் இதே வேலை. வெளியே வராந்தாவில் இல்லத்தின் இயக்குநர் குருமூர்த்தி காபி டம்ளரோடு காத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி குளியலறைக்குள் இத்தனை நேரம் என்ன பார்க்கிறாள் என்று கேட்க அவருக்கு நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. நாகரிகம் அவரிடம் நிறைய இருந்தது. மற்றதெல்லாம்தான் கொஞ்சம் குறைவு.

வெளியே வந்த வேல்விழி, ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினாள்.

“சுத்தமும் கம்ப்ளையன்ஸ்ல ஒரு பாயிண்டு மேடம்,” என்றார் குருமூர்த்தி. நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுவதைச் சொல்லும் அந்த ஆங்கில வார்த்தை வரும்போது மட்டும் அவர் கண்களை லேசாக மூடித் திறந்தார்.

வேல்விழியின் உதவியாளன் பக்கிரி, நல்லூர்க்காரன், காபியை உறிஞ்சிக்கொண்டே அதைக் கவனித்தான். “தீபாராதனைக்கு எங்க மாமாவும் இப்படித்தான் கண்ண மூடுவாரு மேடம்,” என்று அவள் காதருகில் முணுமுணுத்தான். “அவரும் உண்டியல் கமிட்டியில இருந்தவருதான்.”

வேல்விழி கடலூரில் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். இன்று அவளை அனுப்பியிருந்தது சென்னையிலுள்ள ஓர் அறக்கட்டளை. வேலை தருவதாகச் சொல்லி அழைத்துப்போய் விற்கப்பட்ட சிறுமிகளை மீட்ட பிறகு, அவர்கள் தங்கவும் படிக்கவும் ஒரு தொழில் கற்கவும் விருத்தாசலத்து இல்லத்துக்கு மானியம் தருவது அந்த அறக்கட்டளைதான். மானியத்தோடு ஒரு கட்டு நிபந்தனைகளும் வரும். படுக்கைகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி, வாரம் ஒருமுறை மனநல ஆலோசனை, தீயணைப்புக் கருவி, புகார்ப் பெட்டி. ஒன்றரை வருடமாக ஒரு நிபந்தனைகூட விடுபடவில்லை என்று குருமூர்த்தி அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். சென்னையில் அந்த அறிக்கைகளை மற்ற இல்லங்களுக்கு மாதிரியாகக் காட்டினார்கள். இன்று மாலை வேல்விழி ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டால், இன்னும் மூன்று வருடத்துக்கு மானியமும் பெண்களும் அவர் கையில்.

இடைஞ்சலாக இருந்தவள் வீராயி ஒருத்திதான். கடலூர் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் களை வெட்டிப் பிழைக்கிறவள். அவளுடைய மகள் வெண்பா நூற்பாலை வேலைக்கென்று ஒரு தரகனோடு போய், விற்கப்பட்டு, மீட்கப்பட்டு, இந்த இல்லத்தில் சேர்க்கப்பட்டவள். மகளைப் பார்க்க வந்தபோதெல்லாம் வீராயியை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் மகளுக்கு ஆலோசனை வகுப்பு என்றார்கள், ஒருநாள் பரீட்சை, ஒருநாள் காய்ச்சல். கடைசியாக வந்த அன்று அவள் கேட்டில் இருந்த பலகையைப் பார்த்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டுவிட்டாள். மானியம் தருகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் வாசலில் இருக்கவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. குருமூர்த்தி யோக்கியமாக நிறைவேற்றிய நிபந்தனை அது ஒன்றுதான்.

“எம் பொண்ணு உசுரோட இருக்குதா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க,” என்று வீராயி வேல்விழியிடம் கேட்டிருந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கூடத்தில் பன்னிரண்டு பெண்கள் நீலச் சுடிதார் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். படிய வாரிய தலை, நெற்றியில் பொட்டு, மடிப்புக் கலையாத துப்பட்டா. வெண்பா யார் என்று வேல்விழி கேட்டாள். முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். எந்த ஊர், எப்படி மீட்கப்பட்டாள், இப்போது என்ன கற்கிறாள் என்பதையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். இங்கே உனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டதற்கு, “பாதுகாப்பும் அன்பும் நிறைந்த சூழல்,” என்றாள். பதினாறு வயதில் ஒரு பெண் தானாக யோசித்து இப்படி ஒரு பதில் சொன்னால் அவளை உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

குருமூர்த்தி அடுத்த அறையில் தொழிற்பயிற்சிக் கூடத்தைக் காட்டினார். நடுவில் ஒரு குயவர் சக்கரம், மேலே வர்ணப் பல்பு, பின்னால் ‘களிமண்ணில் மலரும் கனவுகள்’ என்று ஒரு துணி. சக்கரத்தில் ஒரு பொட்டு மண்கூட இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவர்கள் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றித்தான் எடுப்பார்கள், சக்கரத்தை யாரும் தொடுவதில்லை. ஆனால் சென்னையிலிருந்து வருகிறவர்கள் போட்டோ எடுக்க அச்சு லாயக்கில்லை. அதற்குச் சக்கரம்தான் அழகு.

பெண்களின் படத்தையோ முகத்தையோ யாருக்கும் தருவதில்லை என்று அவர் தொடர்ந்தார். அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். அறிக்கைகளில் வரும் படங்களில்கூட முகத்தை மறைத்துத்தான் அனுப்புவார்களாம். அவர் சொன்னதில் பொய் இல்லை. பெண்களைக் காப்பாற்றுவதற்காக யாரோ நல்லவர்கள் எழுப்பிய சுவர் அது. அதன் நிழலில் குருமூர்த்தி கட்டில் போட்டுப் படுத்திருந்தார், அவ்வளவுதான்.

விருந்தாளிக்கு மரியாதையாக, எங்கள் பெண்கள் செய்தது என்று சொல்லி அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் பொம்மையை எடுத்துப் பக்கிரியின் கையில் கொடுத்தார். இடுப்பில் குடம் வைத்த பெண் பொம்மை.

அதன் பிறகுதான் வேல்விழி கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி. தாய் வீராயி இன்று மாலை மகளை நேரில் சந்திக்கலாம். “அவங்க ஊர்லேர்ந்து பஸ்ஸு புடிச்சு வரணும், ஆறு மணி ஆயிடும்,” என்றாள். “அதுவரைக்கும் எல்லாப் பொண்ணுங்களும் இங்கயே இருக்கட்டும். அம்மாவும் பொண்ணும் பார்த்துக்கிட்டா நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவேன்.”

குருமூர்த்தியின் சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. தாராளமாக என்றார்.

வேல்விழியும் பக்கிரியும் வெளியே காருக்கு வந்தார்கள். பக்கிரி பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் நன்றாகத்தானே பேசினாள், கையெழுத்தைப் போட்டுவிட்டால் உள்ளே பிரியாணி வாசனை வருகிறது, நாமும் உட்காரலாம் என்று யோசனை சொன்னான்.

“பக்கிரி, உங்க வீட்டுக் கண்ணாடியில உன் மூஞ்சி முழுசாத் தெரியுமா?”

“எங்க தெரியுது. எங்கம்மா, என் பொண்டாட்டி, என் தங்கச்சி மூணு பேரும் ஒட்டி வெச்ச பொட்டுக்கு நடுவுல எடம் தேடித்தான் சவரம் பண்றேன். ஒருநாளு கன்னத்துல ஒரு பொட்டோட பஸ்ஸு ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். கண்டக்டரு எனக்கு லேடீஸ் சீட்டு காட்டுறாரு.” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். இல்லத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“அதேதான்,” என்றாள் வேல்விழி. “குளிக்கப் போறவ மூஞ்சியில தண்ணி ஊத்துறதுக்கு முன்னால பொட்ட எடுத்து எங்கயாவது ஒட்டுவா. கண்ணாடி, சுவரு, கதவு, குழாய். ஒட்டாதடின்னு எத்தன பேரு திட்டினாலும் ஒட்டுவா. உரிச்சு எடுத்தாலும் பசை வட்டம் போவாது, அழுக்கு ஒட்டிக் கறுத்துப்போயிடும். உள்ள பன்னிரண்டு நெத்தியிலயும் ஸ்டிக்கர் பொட்டு இருக்கு. மூணு பாத்ரூம்ல ஒரு வட்டம்கூட இல்ல. அந்த வீட்டுல எந்தப் பொண்ணும் ஒருநாளும் குளிச்சதில்ல.”

“அப்ப உள்ள இருக்குறவங்கல்லாம்?”

“கொஞ்சம் பொறு. ஆறு மணின்னு சொல்லிட்டு வந்திருக்கேன் இல்ல, யாராவது வருவாங்க.”

வந்தாள். வெண்பா என்று எழுந்து நின்ற அதே பெண். காலி டம்ளர் வாங்கப் போவது மாதிரி கேட்டருகே வந்து, பக்கிரியின் ஜன்னலில் குனிந்தாள். வேல்விழியை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

“அண்ணே, ஆறு மணி வரைக்கும் இருக்கணுங்களா? ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸு அதுக்குள்ள போயிடும். லேட்டானா எங்கப்பா கதவத் தொறக்க மாட்டாரு.”

காவல் இல்லத்தில் இருக்கும் பெண்ணுக்கு டவுன் பஸ் கவலை. பக்கிரி தன் பங்குக்கு ரொம்பப் பரிவாக, பஸ் போனால் நானே கொண்டுவந்து விடுகிறேன், உன் பேர் என்னம்மா என்றான். பிரபா என்று சொல்லிவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மீதியை வேல்விழி மெதுவாகக் கேட்டு வாங்கினாள். குருமூர்த்திக்கு ஊருக்குள் ஒரு தையல் பயிற்சி மையமும் இருந்தது. இந்தப் பன்னிரண்டு பேரும் அங்கே பகலில் வந்து போகிறவர்கள். சென்னை விழாவுக்கு விழிப்புணர்வு நாடகம், அதற்கு ஒத்திகை பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லி வசனம் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். போன வருடம் வேறு செட்டுப் பெண்கள் நடித்தார்களாம். சரியாக ஒப்பித்தால் பிரியாணி. சாமர்த்தியக்காரன் பொய் சொல்வதற்குக்கூட அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் வாயைத்தான் வாடகைக்கு எடுக்கிறான்.

நேரத்துக்குப் பஸ் ஏறிவிடு, இங்கே பேசியதை யாரிடமும் சொல்லாதே என்று வேல்விழி அவளை அனுப்பினாள்.

“பொய் வெண்பா கெடச்சிட்டா,” என்றான் பக்கிரி. “நெசத்துக்கு எங்க போறது?”

வேல்விழி அவன் மடியைப் பார்த்தாள். “அந்தப் பொம்மையோட நெத்தியச் சுரண்டு.”

பக்கிரி நகத்தால் சுரண்டினான். பொம்மையின் பொட்டு கையோடு வந்துவிட்டது. வர்ணம் இல்லை, ஸ்டிக்கர். சின்ன மெரூன் வட்டம், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கல். அதன் அடியில் வெறும் பளபளப்பு.

சூளையிலிருந்து வந்த பொம்மைக்கு எந்த வியாபாரியும் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டான் என்றாள் வேல்விழி. சூளைப் பக்கம் நின்று வேலை செய்யும் ஒரு பெண் வியர்வையில் நழுவுகிற பொட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்ததன் மேல் ஒட்டியிருக்கிறாள். பக்கத்தில் இருந்தது இந்தப் பொம்மை. ‘எங்கள் பெண்கள் செய்தது’ என்று குருமூர்த்தி சொன்னது மட்டும் நிஜமாக இருக்கலாம். ஆகவே பெண் இருக்குமிடம் பொம்மை வந்த இடம்.

பொம்மை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள அதிக அலைச்சல் இல்லை. கோயில் வீதியில் பொம்மைக் கடை வைத்திருக்கும் கமலம் அதைக் கையில்கூட வாங்கவில்லை. பேட்டையில் மாணிக்கவேல் சூளை என்றாள். எப்படித் தெரியும் என்று பக்கிரி கேட்டான்.

“மூக்கப் பாருங்க. அச்சு தேஞ்சு போச்சு. மகாலட்சுமி, சரசுவதி, கொறத்தி, எல்லாத்துக்கும் அவரு கிட்ட ஒரே மூக்குதான். புது அச்சு வாங்கச் சொன்னா, சாமியே ஒண்ணும் கேக்கல ஒனக்கென்னான்றாரு.” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “இல்லம் நடத்துறாரே குருமூர்த்தி, அவரு மச்சான்,” என்றாள்.

“மூக்கும் ஒண்ணு, குடும்பமும் ஒண்ணு,” என்றான் பக்கிரி.

பீங்கான் பேட்டையின் சாலையோரம் உடைந்த பீங்கான் ப்யூஸ் கட்டைகளும் மூக்கில்லாத பொம்மைகளும் குவிந்து கிடந்தன. மாணிக்கவேலின் கொட்டகைக்கு எதிரே இருந்த டீக்கடையில் வேல்விழி உட்கார்ந்துகொண்டாள். பக்கிரி கொலு பொம்மைக்கு மொத்த ஆர்டர் கொடுக்க வந்த கும்பகோணம் வியாபாரியாகி உள்ளே போனான். போகும்போது சட்டைப் பையில் ஒரு பேனாவும் கழுத்தில் ஒரு கைக்குட்டையும் புதிதாக முளைத்தன.

அவன் திரும்பி வந்தபோது கைக்குட்டை கழுத்திலிருந்து கைக்கு வந்திருந்தது. முகத்தில் விளையாட்டு இல்லை.

முன்பக்கம் உள்ளூர்ப் பெண்கள் நாலு பேர் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்களாம். மாணிக்கவேல் அவனுக்கு மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பொம்மைகளைப் பற்றி நிறையச் சொன்னாராம். நடுவில் அவருக்குப் போன் வந்தது. பேசியவர் முகம் மாறி, தள்ளிப் போய் நின்று, ‘இன்னிக்கேவா மச்சான்’ என்று கேட்டது இவன் காதில் விழுந்தது. அந்தச் சமயம் பார்த்து இவன் பாத்ரூம் தேடிப் பின்பக்கம் போனான்.

“மேடம், கதவு இருக்குற எடமே தெரியல. பொட்டுதான் தெரியுது. செவப்பு, மெரூனு, கறுப்பு, கல்லு வெச்சது, கல்லு உதிர்ந்தது. அப்புறம் பொட்டு தீந்துபோயி, பேனாவுல புள்ளி வெச்சுக்கிட்டாங்க போல, கழுவுன மையி செவத்துல ஒழுகிக் கெடக்குது. பக்கத்துல ஒரு ரூம்பு. வெளியில பூட்டு. உள்ள யாரோ இருமுறாங்க.” அவன் டீயைத் தொடவில்லை. “போலீஸக் கூப்புடுங்க. நான் போய்க் கதவ ஒடைக்கிறேன்.”

வேல்விழி ஏற்கெனவே கூப்பிட்டிருந்தாள். மகளிர் காவல் ஆய்வாளர் சண்முகப்ரியா, மங்களூரிலிருந்து மதியமே வந்துவிட்ட வீராயியைத் தன் ஜீப்பில் வைத்துக்கொண்டு பைபாஸ் முனையில் நின்றிருந்தார். ஆனால் கதவை இப்போது உடைக்கக்கூடாது என்றாள் வேல்விழி.

“இப்ப ஒடைச்சா, கூலிக்கு வந்த பொண்ணுங்கன்னு மாணிக்கவேல் சொல்வான். இவ வெண்பான்னு வீராயி காட்டுனா, இல்லத்துலேர்ந்து ஓடிப்போய் வேலைக்குச் சேர்ந்துட்டான்னு குருமூர்த்தி சொல்வார். பூட்டு மச்சானோடது, பழி ஓடிப்போன பொண்ணோடது, அவர் சுத்தம். அவரே அவங்கள இல்லத்துக்குக் கூட்டிட்டு வந்து, இவதான் வெண்பா, ஒன்றரை வருஷமா எங்கிட்டதான் இருக்கான்னு தன் வாயால சொல்லணும். அதுக்குத்தான் ஆறு மணி வரைக்கும் டைம் குடுத்தேன்.”

“அவரு ஏன் கூட்டிட்டு வரணும்? வேற ஊருக்குக் கடத்திட்டாருன்னா?”

அதுதான் வேல்விழிக்கும் பயம். குருமூர்த்தியின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஓடுவது ஒன்று. மூன்று வருட மானியம் இன்னொன்று. அந்த ஆளை அவள் ஒரு காலை நேரம் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அவருடைய பேராசை அவருடைய பயத்தைவிடப் பெரியது என்ற ஒரே கணக்கை நம்பி ஒரு பெண்ணின் உயிரைத் தெருவில் வைத்திருந்தாள்.

கொட்டகைக் கதவு திறந்தது. கண்ணாடியில் திரை போட்ட வேன் ஒன்று வெளியே வந்து சாலையில் நின்றது. இடது பக்கம் திரும்பினால் பைபாஸ். வலது பக்கம் ஊர். டிரைவர் போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான். வேல்விழி சண்முகப்ரியாவின் எண்ணைத் தயாராக வைத்துக்கொண்டாள். பக்கிரி டீக்கடை பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், வேன் இடது பக்கம் போனால் அதைத் தூக்கிக் குறுக்கே போடுகிறவன் மாதிரி.

வேன் வலது பக்கம் திரும்பியது.

அவர்கள் இல்லத்துக்குப் போனபோது கூடத்தில் மறுபடி பன்னிரண்டு பெண்கள், அதே நீலச் சீருடையில். பிரபாவின் கூட்டம் பஸ் ஏறிவிட்டது, சீருடை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. யாருக்கும் அளவு பொருந்தவில்லை. முன்வரிசையில் ஒரு ஒல்லிப் பெண்ணுக்குத் தோள் நழுவிக்கொண்டே இருந்தது. நெற்றியில் பலமுறை ஒட்டியெடுத்த மெரூன் பொட்டு, ஓரத்தில் வெள்ளைக் கல்.

வீராயி வந்தாள். அவளுக்குத் துணையாக வந்த உறவுக்காரி மாதிரி சண்முகப்ரியா சாதாரணப் புடவையில் பின்னால் நின்றார். வீராயி வரிசையை ஒருமுறைதான் பார்த்தாள். நேராக அந்த ஒல்லிப் பெண்ணிடம் போய் அவள் கையைப் பிடித்தாள். அழவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரைத்த மண்ணில் ஊறி வெடித்த விரல்கள், நக இடுக்கில் வெள்ளை.

“கையி என்னாடி இப்பிடி இருக்குது?”

பெண் குருமூர்த்தியைப் பார்த்தாள்.

“தொழிற்பயிற்சிம்மா,” என்றார் குருமூர்த்தி கனிவாக. பிறகு வேல்விழியிடம் திரும்பி, இவள்தான் வெண்பா, ஒன்றரை வருடமாக இந்தக் கூரையின் கீழ்தான் இருக்கிறாள், மற்ற பதினொரு பேரும் அப்படியே, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். காலையில் வேறொருத்தி வெண்பா என்று எழுந்தாளே என்று வேல்விழி கேட்டதற்கும் பதில் தயாராக இருந்தது. புது ஆட்கள் வரும்போது பாதுகாப்புக்காகப் பெயர்களை மாற்றிக் கூப்பிடுவார்களாம். அதுவும் கம்ப்ளையன்ஸ். கண்ணை மூடித் திறந்தார். பெற்றவளே அடையாளம் சொல்லியாயிற்று, பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள், இனி யார் என்ன கேட்க முடியும்? பேனாவைக்கூட அவரே திறந்து நீட்டினார்.

வேல்விழி பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடக் குனிந்தவள், ஏதோ நினைவு வந்தவள் போல நிமிர்ந்தாள்.

“வெண்பா, அம்மாவோட உக்காந்து சாப்பிடப் போற. கையக் கழுவிட்டு வாம்மா.”

வெண்பா எழுந்தாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். ஒரு கதவருகே போய், தொடலாமா என்று யோசித்து, திரும்பி வந்தாள். எதையும் சொல்லக்கூடாது என்று அவளை மிரட்டியிருந்தார்கள். இதைக் கேட்கக்கூடாது என்று யாரும் மிரட்டவில்லை.

“பாத்ரூமு எங்கக்கா இருக்குது?”

குருமூர்த்தி, பயத்தில் குழந்தைக்கு மறந்துவிட்டது என்று ஆரம்பித்தார். அதை முடிக்கும் முன் சண்முகப்ரியா முன்னால் வந்து, மற்ற பெண்களிடம் சாதாரணமாகக் கேட்டார். “யாராவது கூட்டிட்டுப் போங்கம்மா, யாருக்குத் தெரியும்?” பதினொரு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தைரியமாக ஒரு கதவைக் காட்டினாள். அதைத் திறந்தால் உள்ளே குயவர் சக்கரம் வர்ணப் பல்பின் கீழ் பளபளத்தது.

ஒன்றரை வருடம் வாழ்ந்த வீடு. ஊர், பெயர், தேதி, அன்பு நிறைந்த சூழல், எல்லாவற்றுக்கும் வசனம் எழுதியவருக்கு இந்த வீட்டை ஒருமுறை சுற்றிக் காட்டவேண்டும் என்று தோன்றவில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை அவர் அறிவார். மனிதர்கள் ஒரு வீட்டில் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

சண்முகப்ரியா தான் யார் என்று சொன்னபோது குருமூர்த்தி கம்ப்ளையன்ஸ் என்று ஏதோ சொல்ல வந்தார். இந்த முறை கண் மூடவில்லை, வாய்தான் மூடிக்கொண்டது. மாணிக்கவேலைப் பேட்டையில் பிடித்துவிட்டதாக ஜீப்பிலிருந்து செய்தி வந்தது. பெண்களை இன்றிரவே வேறு ஊர் அரசு இல்லத்துக்கு மாற்றக் குழந்தைகள் நலக் குழுவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெண்பாவைத் தாயோடு அனுப்ப உத்தரவு ஆயிற்று.

வேல்விழி வெண்பாவை அழைத்துப்போய் குளியலறையைக் காட்டினாள். அவள் கழுவிக்கொண்டு வந்ததும் பக்கிரி அந்தப் பொம்மையை நீட்டி, வியர்வையில் நழுவி இதில் ஒட்டியது உன் பொட்டுதானே என்று கேட்டான். மேடத்தின் கண்டுபிடிப்பை மேடத்தின் முன்னாலேயே சொல்லிக் காட்டுவதில் அவனுக்கு ஒரு பெருமை.

வெண்பா பொம்மையை வாங்கிப் பார்த்தாள். “நழுவலண்ணே, நாந்தான் வெச்சேன். வர்ணம் அடிக்கிறவங்க மறந்துட்டாங்க. வெறும் நெத்தியோட வெளிய போவுதேன்னு இருந்துச்சு.”

“பாதி மார்க்குதான் மேடம் உங்களுக்கு,” என்றான் பக்கிரி. வேல்விழி சிரித்தாள். அந்தப் பாதியை இழந்ததில் அவளுக்கு வருத்தமில்லை.

தாயும் மகளும் ஜீப்பில் ஏறிப் போன பிறகு, கைக்குட்டையை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி பக்கிரி உள்ளே போனான். கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறையிலிருந்து கூப்பிட்டான். கண்ணாடியின் நடுவில், துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த அந்த இடத்தில், ஒரே ஒரு மெரூன் பொட்டு ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒண்ணர வருசத்துல இந்த வூட்டுக்குக் குடி வந்த மொத ஆளு மேடம்,” என்றான் பக்கிரி. “அதுவும் கையக் கழுவிட்டு, காலி பண்ணிட்டுப் போயிடுச்சு.”